ஒற்றைக் காதுத் தொங்கட்டான்

எங்கள் பக்கம் எது தொங்கினாலும் அதற்கு ஒரே பேர்தான். தொங்கட்டான்.

காதில் ஆடுவது தொங்கட்டான். சடை நுனியில் கட்டுகிற குஞ்சமும் தொங்கட்டான். மாட்டு நெற்றியில் பாசி கோத்துக் கட்டுவது, தொட்டிலுக்கு மேலே கட்டித் தொங்கவிடுகிற மரக்கிளி, கல்யாணப் பந்தலில் ஆடுகிற ஓலைக்கிளி, சப்பரத்தில் ஒட்டுகிற ஜிகினாத்தாள் எல்லாம் அதுதான். அது இல்லாமல் எந்த வேலையும் நிற்காது. பாசி இல்லாவிட்டாலும் மாடு உழும். மரக்கிளி இல்லாவிட்டாலும் பிள்ளை தூங்கும். ஆனால் வேண்டாம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆளையும் சொல்லுவோம். இடுப்பை விட்டு இறங்காத பிள்ளையை, "இது என்னடி தொங்கட்டான்" என்பார்கள். பெண்டாட்டி பின்னாலேயே போகிறவனுக்கும் அதே பேர்தான். சொல்லும்போது கோபம் இருக்காது. சிரிப்புத்தான் இருக்கும்.

தங்கத்தை மட்டும் அப்படிச் சொல்ல மாட்டோம். தங்கம் என்றால் தண்டட்டி என்று அதன் பேரைச் சொல்லுவோம். பித்தளை, ஈயம், கண்ணாடி, பாசி, இதெல்லாம்தான் தொங்கட்டான். விலை போகாது. ஆடினால் போதும்.

எனக்கு ஒரு ஜோடித் தொங்கட்டான் இருந்தது. அது எங்கே போனது என்றுதான் எழுதுகிறேன்.

வாடிப்பட்டிக்கு மேற்கே எங்கள் ஊர். அப்போது அங்கே பெண்பிள்ளை பிறந்தால் சில மாதத்தில் காது குத்திவிடுவார்கள். ஓட்டையில் பஞ்சுத் திரி போடுவார்கள். பிறகு பெரிய திரி. பிறகு குணுக்கு. குணுக்கு என்பது ஈயத்தில் செய்த கனத்த வளையம். அதை மாட்டிவிட்டால் கனத்தில் காது இறங்கும். ஓட்டை பெரிதாகும். கொஞ்ச நாள் போனதும் இன்னொரு குணுக்குச் சேர்ப்பார்கள். சீழ் வைக்கும், எண்ணெய் போடுவார்கள், ஆறும். மறுபடி குணுக்கு. இப்படியே காது தோளைத் தொடுகிறவரை வளர்ப்பார்கள். கல்யாணத்தன்று அதில் தண்டட்டி ஏறும். காது நன்றாக வளர்ந்த பிள்ளையைத்தான் முதலில் பெண் கேட்பார்கள். நிறம், படிப்பு எல்லாம் அப்புறம். படிப்பு என்று எனக்கு இருந்தது மூன்றாம் வகுப்பு. அதை யாரும் கேட்கவில்லை.

எனக்கு எட்டு வயதில் காது நன்றாக இறங்கிவிட்டது. அந்த வருடம் சித்திரைத் திருவிழாவுக்கு அப்பா என்னை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அழகர் ஆற்றில் இறங்குகிற கூட்டத்தில் நான் அழகரைப் பார்க்கவில்லை. அப்பா தோளில் இருந்தும் எனக்குத் தெரிந்தது தலைகள்தான். ஆற்று மணலில் கடை போட்டிருந்தார்கள். அப்பா ஒரு கடை முன்னால் நின்று ஒரு ஜோடித் தொங்கட்டான் வாங்கினார். பித்தளை. மணி மாதிரி இருக்கும். அடியில் நாலு சிவப்புப் பாசி. அங்கேயே என் காதில் இருந்த ஈயத்தைக் கழற்றி அதை மாட்டினார்.

"ஆட்டிப் பாரு" என்றார்.

தலையை ஆட்டினேன். சத்தம் வந்தது.

"இன்னும் ஆட்டு."

ஆட்டினேன். அப்பா சிரித்தார். அவர் அதிகம் சிரிக்கிறவர் இல்லை. அதனால் அது நினைவில் நின்றுவிட்டது. இரண்டு வருடத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனார்.

காது அறுந்தது என் பதினோராம் வயதில். பால் கறக்கும் முன்னால் கன்றை அவிழ்த்துவிடப் போனேன். அப்போதுதான் கொம்பு முளைத்திருந்த கன்று. முளைக்கயிற்றை அவிழ்க்கக் குனிந்தேன். அது தாயைப் பார்த்துத் துள்ளித் தலையை உதறியது. கொம்பு தொங்கட்டானில் மாட்டிக்கொண்டது. துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. என் காதில் இருந்துதான் வந்தது என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆனது.

முதலில் தொங்கட்டானைத்தான் தேடினேன். சாணியில் கிடந்தது. எடுத்துப் பாவாடையில் துடைத்தேன். அதற்குள் அம்மா வந்துவிட்டாள். என் தோளெல்லாம் ரத்தம். அம்மா பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து கன்றை ஒரு அடி அடித்தாள். என்னை ஒரு அடி அடித்தாள். அப்புறம்தான் மஞ்சளும் எண்ணெயும் கொண்டுவந்தாள்.

ஆறியபோது வலது காது இரண்டு துண்டாகத் தொங்கியது. பல்லி வால் மாதிரி. அப்படிக் காது போனவளுக்கு எங்கள் பக்கம் மூளி என்று பேர். இந்த ஒரு முறை எழுதிவிட்டேன். இனி எழுத மாட்டேன்.

இடது காதில் தொங்கட்டானை விடாமல் போட்டிருந்தேன். வலது காதினுடையதை அரிசிப் பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்தேன். சேலை முந்தானையைத் தலைக்குப் போட்டு, சடையை முன்னால் விட்டு, எப்படியோ ஆறு வருடம் போனது. ஊரில் எல்லாருக்கும் தெரியும். வெளியூரில் யாருக்கும் தெரியாது.

சம்பந்தம் வெளியூரில் இருந்துதான் வந்தது. காளவாசல் பக்கம். அப்போது அங்கே செங்கல் சூளைகள்தான் இருந்தன. நடுவே புஞ்சைக் காடு. மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் புஞ்சையும் ஒரு வண்டியும் இரண்டு மாடும் உண்டு. சூளையில் இருந்து டவுனுக்குச் செங்கல் ஏற்றிப் போவார். தகப்பனார் இல்லை. தாயார் மட்டும். அவர்களைத்தான் நான் பிறகு அத்தை என்று கூப்பிட்டேன். இப்போதே அப்படி எழுதிவிடுகிறேன்.

பெண் பார்க்க வருகிற அன்று காலையில் அம்மா என் தலையை அவிழ்த்தாள். சடை பின்னவில்லை. எல்லா முடியையும் வலது பக்கம் அள்ளிக் கொண்டை போட்டாள். கொண்டையைக் காதுமேல் சாய்த்தாள். அதன்மேல் கதம்பம் சுற்றினாள். வலது காது மறைந்துவிட்டது.

"எதுக்கு ஆத்தா கொண்டை?" என்றேன்.

"பேசாம இரு. வலது பக்கம் திரும்பாத. சிரிக்காத. தலைய ஆட்டாத."

"தலைய ஆட்டாம எப்படிக் கும்புடுறது?"

"கைய மட்டும் தூக்கு."

எங்கள் பக்கம் தாலி கட்டின பிறகுதான் கொண்டை. குமரிக்குச் சடைதான். அம்மாவுக்கு அது தெரியாதா? பயத்தில் மறந்துபோனாள். எனக்கும் அப்போது தோன்றவில்லை.

அத்தை குள்ளமாக இருந்தார்கள். நல்ல கறுப்பு. இரண்டு தண்டட்டியும் தோளில் இடித்துக்கொண்டிருந்தன. பின்னால் மாப்பிள்ளை துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மோர்ச் செம்போடு வந்தேன். அத்தை செம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, நேரே என் இடது காதைப் பிடித்தார்கள். தொங்கட்டானைத் தள்ளிவிட்டு ஓட்டையில் விரலை விட்டார்கள்.

"ரெண்டு விரல் போகுது. நல்லா வளத்திருக்கீக மதினி" என்று அம்மாவிடம் சொன்னார்கள்.

"ஆமா மதினி. அவுக அப்பாவுக்குக் காதுன்னா உசுரு" என்றாள் அம்மா.

அத்தையின் கை அந்தப் பக்கம் வந்தது. பூவைத் தொட்டது. அம்மாவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"மதினி, மோரு ஆறிப்போகுது" என்றாள்.

அத்தை கையை எடுத்தார்கள். அம்மாவைப் பார்த்தார்கள்.

"மோரு எப்படி மதினி ஆறும்?"

மாப்பிள்ளை வாயில் துண்டை வைத்துக்கொண்டார். அத்தையும் சிரித்துவிட்டார்கள். செம்பை எடுத்து மோரைக் குடித்தார்கள். அதோடு காதுப் பேச்சு முடிந்தது. அடுத்த வாரம் பரிசம் போட்டார்கள். தையில் கல்யாணம் என்று ஆனது.

அம்மா சந்தோசமாக இருந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. தாலி கட்டி மறுநாள் தலை சீவும்போது தெரியத்தானே போகிறது. தெரிந்தால் திருப்பி அனுப்புவார்கள். மறைத்துக் கட்டிக்கொடுத்தாள் என்று நாலு பேர் நடுவில் அம்மாவை நிறுத்துவார்கள். அப்பா இல்லாத வீடு. அம்மா அதைத் தாங்க மாட்டாள். அம்மாவிடம் சொன்னேன்.

"கட்டிக்கிட்டப்புறம் என்ன செய்வாக? காதுக்காக அத்துவிடுவாகளா?" என்றாள்.

ஆனால் அத்துவிட்டவர்களை எனக்கே இரண்டு பேரைத் தெரியும்.

ஒரு நாள் மத்தியானம் வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ரோட்டில் வண்டி வந்து நின்றது. அவர்தான். வாடிப்பட்டியில் செங்கல் இறக்கிவிட்டுத் திரும்புகிறாராம். மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டக் கூட்டிவந்தார். என்னைப் பார்த்ததும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பரிசம் போட்டபின் பார்த்துப் பேசுவது முறை இல்லை. மாடு இரண்டும் குடித்தன. அவர் மாட்டைப் பார்த்து, "வெயிலு சாஸ்தி" என்றார்.

நான் துணியைக் கல்லில் வைத்தேன். இனி எப்போது பார்ப்போமோ என்று தோன்றியது.

"ஒரு விசயம் சொல்லணும்" என்றேன்.

"என்ன?"

"எனக்கு ஒரு காது கெடையாது."

அவர் திரும்பிவிட்டார். முந்தானையை இறக்கிக் காட்டினேன். பார்த்தார். கிட்டே வரவில்லை.

"கேக்குமா?" என்றார்.

"என்னது?"

"அந்தக் காது. கேக்குமா?"

"கேக்கும்."

"அப்புறமென்ன" என்று சொல்லிவிட்டு மாட்டுக் கழுத்தைத் தடவினார். பிறகு, "எனக்கு ஒண்ணுமில்ல புள்ள. எங்காத்தாதான்" என்றார். "ஆத்தாவுக்குத் தெரிஞ்சா ஆகாது. காது வளக்கிறதுல எங்க ஊருக்கே அவுகதான். பச்சப்புள்ளைக்கெல்லாம் அவுகதான் குணுக்கு மாட்டுவாக."

"சொல்லீருங்க" என்றேன்.

"பாப்பம்" என்றார். மாட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாள் கழித்து அத்தை வந்தார்கள். தனியாக, காலை வெயிலில், வேகவேகமாக. அம்மா பாயை விரித்தாள். நான் அடுப்படியில் நின்றுகொண்டேன். முடிந்தது என்று நினைத்தேன்.

அத்தை உட்காரவில்லை. "மதினி, எம்மகனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்றார்கள்.

"என்ன மதினி சொல்றீக?"

"டவுனுக்குச் செங்கல் கொண்டுபோறான்ல. அங்க பொம்பளைகளப் பாத்திருக்கான். காதுல சின்னதா கம்மல் போட்டிருக்காகளாம். பொண்ணும் அப்படித்தான் வரணுமாம். தண்டட்டி ஆகாதாம். ஆஸ்பத்திரியில காத வெட்டித் தச்சு விடுறாகளாம். தச்சாத்தான் தாலி கட்டுவேங்குறான். ரெண்டு நாளாச் சோறு திங்கல, களவாணிப்பய!"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எந்தண்டட்டிய மருமகளுக்குன்னு வச்சிருக்கேன். அதை இனி என்ன செய்ய? மாட்டுக்கா போட?" என்று அத்தை கத்தினார்கள். "வளத்த காத வெட்டுறதாம்! நாடு எங்க போகுது?"

அம்மா மெதுவாக, "மாப்பிள்ள ஆசைப்பட்டா நாம என்ன மதினி செய்யிறது" என்றாள். அவள் குரலில் சந்தோசம் தெரிந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"நீங்களும் அவங்கூடச் சேந்துக்கிட்டீகளா? சரி. ஆனா நானும் ஆஸ்பத்திரிக்கு வாரேன். எங்கண்ணு முன்னாலதான் நடக்கணும்" என்றார்கள்.

அவர்கள் போனபின் அம்மா எனக்குக் கருப்பட்டி போட்டுக் கொழுக்கட்டை செய்தாள். நான் தின்றேன். அப்புறம்தான் எனக்கு விளங்கியது. தைப்பது என்றால் இரண்டு காதையும் தைக்க வேண்டும். வலது போனது போனதுதான். இடதும் போகும். எட்டு வருடம் சீழ் பிடித்து வளர்ந்த காது. அப்பா தொங்கட்டான் மாட்டிவிட்ட காது. அந்த ஒன்றாவது இருந்தது.

அழவில்லை. தொங்கட்டானைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு அவர் வண்டியிலேயே போனோம். ஊர் பேசாதா என்று அம்மா கேட்டாள். "நான் கூட வாரேன், எவன் பேசுவான்" என்று அத்தை முன்னால் ஏறிக்கொண்டார்கள். அவர் ஓட்டினார். எனக்கு மறுபடியும் கொண்டை, பூ. வழி முழுவதும் அத்தை மகனின் முதுகைப் பார்த்துத் திட்டிக்கொண்டே வந்தார்கள். "எம்புட்டுப் பெரிய தொரை. தாலி கட்டுறதுக்கு முன்னாலேயே பொண்டாட்டிக்குத் தொங்கட்டான் ஆயிட்டான்." அவர் திரும்பவே இல்லை. மாட்டிடம் மட்டும் பேசினார்.

பொம்பளை டாக்டர். உள்ளே என்னை மட்டும் விட்டார்கள். கதவுக்குத் துணித்திரைதான். வெளியே வராண்டாவில் அம்மாவும் அத்தையும் தரையில் இருந்தார்கள். நர்சம்மா என் கொண்டையை அவிழ்த்தாள். பார்த்தாள்.

"அட, இது முன்னமே அறுந்த காதா? எப்ப அறுந்துச்சு?" என்று நல்ல சத்தமாகக் கேட்டாள்.

நான் திரையைப் பார்த்தேன். ஆடவில்லை. பதில் சொல்லாமல் ஐந்து விரலை விரித்து, இன்னும் ஒரு விரல் காட்டினேன். ஆறு வருடம் என்று அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ. வெளியே அத்தையின் வெற்றிலை இடிக்கிற சத்தம் நின்றிருந்தது. கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டது.

ஊசி போட்டார்கள். வலது காதில் இரண்டு துண்டையும் சீவிச் சேர்த்துத் தைத்தார்கள். அப்புறம் இடது. தொங்கட்டானைக் கழற்றி ஒரு காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தாள் நர்சம்மா. வெட்டும்போது வலி இல்லை. கத்திரிச் சத்தம் மட்டும் கேட்டது. கன்று இழுத்தபோது கேட்ட சத்தம் இல்லை அது. வேறு மாதிரி இருந்தது. அப்போது ஒரு சொட்டுக் கண்ணீர் வந்தது. டாக்டரம்மா வலிக்கிறதா என்றார். இல்லை என்றேன்.

இரண்டு பக்கமும் பஞ்சும் கட்டுமாக வெளியே வந்தேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். வண்டியில் ஏறினோம். திரும்பி வரும்போது அவர்கள் மகனைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி இருந்தாள்.

ஊசியின் மரப்பு விட்டு வலி ஏறியது. அத்தை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"வலிக்குதா?"

"ஆமா அத்தை."

"ரெண்டும் ஒண்ணுபோல வலிக்குதா?"

அவர் மாட்டுக்கயிற்றைச் சுண்டினார். வண்டி குலுங்கியது. அம்மாவின் கண் மூடியே இருந்தது.

"ஆமா" என்றேன். "ஒண்ணுபோலத்தான்."

"ம்" என்றார்கள். வெற்றிலையைத் துப்பினார்கள். அதற்குமேல் கேட்கவில்லை.

தையில் கல்யாணம் நடந்தது. கம்மல் போட்டுக்கொண்டு வந்த முதல் மருமகள் அந்த ஊரில் நான்தான். பெண்கள் வந்து வந்து பார்த்தார்கள். தொட்டும் பார்த்தார்கள். பிறகு அவர்களில் நாலைந்து பேர் அதே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அத்தை மட்டும் தண்டட்டியைக் கழற்றவில்லை. நோம்பு, பொங்கல் என்று வந்தால் அதைப் புளி போட்டு விளக்கி மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "போடத்தான் ஆளில்ல" என்பார்கள்.

என் தொங்கட்டான் இரண்டும் பெட்டிக்குள் கிடந்தன. ஒரு நாள் அவர் எடுத்தார்.

"சும்மாதானே கெடக்கு?" என்றார்.

மாட்டு நெற்றிப் பாசியில் ஆளுக்கு ஒன்றாகக் கோத்துக் கட்டிவிட்டார். அன்றையிலிருந்து அவர் வண்டி தெருமுனைக்கு வரும்போதே எனக்குத் தெரிந்துவிடும். எத்தனையோ செங்கல் வண்டி அந்த வழியாகப் போகும். எல்லா மாட்டுக்கும் மணி உண்டு. இந்தச் சத்தம் வேறு. கேட்டதும் சோற்றை வடிப்பேன். அவர் வந்து கை கால் கழுவும்போது சோறு தயாராக இருக்கும். எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அத்தை என்னிடம் வேலை வாங்குவார்கள். திட்டுவார்கள். மீன் குழம்பு வைத்தால் தலையை எனக்குத்தான் வைப்பார்கள். ஆனால் ஒரு காரியம் செய்ய மாட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்களுக்கெல்லாம் தலை பார்த்து எண்ணெய் தேய்த்துவிடுகிற கை அது. என் தலையைத் தொட்டதில்லை. நானும் தலையைக் கொடுத்ததில்லை. காதின் பின்பக்கம் தையல் தழும்பு இருந்தது. இடது தழும்பு கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். வலது கோணல்மாணலாக இருக்கும். காது தெரிந்தவர்கள் தொட்டால் தெரிந்துவிடும். சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். ஒவ்வொரு நாளும் மறுநாள் என்று ஆகும். ஐந்து வருடம் அப்படிப் போனது.

மகள் பிறந்தாள். உலகச் சண்டை நடந்த சமயம். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. துணி கிடைக்கவில்லை. ஈயம்கூடக் கிடைக்கவில்லை. கண்மாயில் வலை போடுகிறவர் வலைக்குக் கட்ட ஈயம் கேட்டு வீடு வீடாக வந்தார். அத்தையிடமும் கேட்டார். "எங்கிட்டக் குணுக்குத்தான் இருக்கு. அது எம்பேத்திக்கு வேணும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து குணுக்குப் பெட்டி இருந்த பக்கமே நான் போகவில்லை.

காது குத்துக்கு முந்தின நாள் மத்தியானம். அத்தை காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை கையை வீசிக்கொண்டிருந்தது.

"அந்தக் குணுக்குப் பெட்டிய எடுத்தா" என்றார்கள்.

எடுத்து வரவில்லை. நின்றேன்.

"காது கேக்கலையா?"

"வேணாம் அத்தை" என்றேன். அந்த வீட்டில் நான் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஏன்?"

"அறுந்துபோகும்."

"ஊர்ல அம்புட்டுப் பேரும் போட்டிருக்கோம். எல்லாருக்குமா அறுந்துச்சு?"

"எனக்கு அறுந்துச்சு."

அத்தையின் கை பிள்ளையின் முதுகில் நின்றது. தலையைத் தூக்கவில்லை.

"எந்தக் காது?"

"வலது. கன்னுக்குட்டி இழுத்துருச்சு. பதினோரு வயசுல. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாலயே அது இல்ல."

மறுபடி எண்ணெயைத் தொட்டார்கள். பிள்ளையின் கையை நீவிவிட்டார்கள்.

"அன்னைக்கு வண்டியில ரெண்டும் ஒண்ணுபோல வலிக்குதான்னு கேட்டேன்."

"ஆமா."

"என்ன சொன்ன?"

"ஒண்ணுபோலன்னு சொன்னேன்."

"இப்பச் சொல்லு."

"இடதுதான் அத்தை வலிச்சுச்சு" என்றேன். "அது நல்ல காது. எங்கப்பா தொங்கட்டான் வாங்கி மாட்டுன காது. அதுதான் வலிச்சுச்சு."

ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டு வந்தது. இப்போது அதைவிட அதிகமாக வந்தது. அத்தை என்னைப் பார்த்தார்கள். எழுந்து போகவில்லை. கத்தவில்லை.

"இம்புட்டு நாளாச்சு உனக்கு, இதச் சொல்ல" என்றார்கள். "எம்மகங்கிட்ட வாய்க்கால்லயே சொன்னியாம், அவன் பொறகு எங்கிட்ட ஒளறிட்டான். எங்கிட்டச் சொல்ல அஞ்சு வருசம்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கொமரிக்குக் கொண்ட போட்டு உக்கார வச்சிருக்கா உங்காத்தா. போட்டுட்டு மோரு ஆறுதுங்குறா. நான் வளத்த காது எத்தனை? எனக்குத் தெரியாதா? நீயா வாயத் தொறந்து சொல்லுறியான்னு பாக்கத்தான் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தேன்."

"பொறகு எதுக்கு ஒத்துக்கிட்டீக?"

அத்தை பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டார்கள்.

"மோரு நல்லா இருந்துச்சு" என்றார்கள்.

அப்போது தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டது. அவர் உள்ளே வருவதற்குள் அத்தை ஆரம்பித்துவிட்டார்கள். "ஏய்யா, இங்க வா. இந்தக் குணுக்குப் பெட்டிய அந்த வலைக்காரருக்குக் கொண்டுபோய்க் குடு. மீனு கெடச்சா ஒரு கூறு கொண்டாரச் சொல்லு. அப்புறம் மாட்டுல கெடக்குற தொங்கட்டான அவுத்துட்டு வா. தொட்டிலு மொட்டையா இருக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அத்தை முகத்தைப் பார்த்தார். விசயம் விளங்கிவிட்டது.

"அப்ப மாட்டுக்கு?" என்றார்.

"எந்தண்டட்டியப் போடு!"

அவர் சிரித்துக்கொண்டே மாட்டிடம் போனார். அத்தை பிள்ளையை என் கையில் கொடுத்தார்கள். "திரும்பு" என்றார்கள். திரும்பினேன். கையில் மிச்சம் இருந்த எண்ணெயை என் தலையில் வைத்துத் தேய்த்தார்கள். வலது காதின் பின்னால் விரல் வந்தது. கோணல் தழும்பின்மேல் ஒரு தடவை போய்விட்டுக் கீழே இறங்கியது. "நல்லாத்தான் தச்சிருக்கா" என்றார்கள்.

மறுநாள் பிள்ளைக்குக் காது குத்தினோம். சின்ன ஓட்டை. வேப்பங்குச்சி மட்டும் போட்டோம்.

தொங்கட்டான் இரண்டையும் அவர் ஒரே கயிற்றில் கட்டித் தொட்டிலுக்கு மேலே தொங்கவிட்டார். பித்தளை கறுத்திருந்தது. ஒன்றில் ஒரு பாசி குறைந்திருந்தது. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தது. நான் ஆட்டிவிட்டேன். இன்னும் கொஞ்சம் ஆட்டு என்றார்கள் அத்தை. ஆட்டினேன்.

எது அறுந்த காதினுடையது என்று பார்த்தேன். எனக்கே தெரியவில்லை.